பின்பக்கம் தெளிவாக இல்லை

பொக்லைன் ஆபரேட்டருக்கு வீட்டில் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. வேலைத்தளத்தில் எல்லோருக்கும் அவர் உம்மண்ணன். எதைக் கேட்டாலும் 'உம்' என்பார். முகமும் அந்தப் பெயருக்கு நன்றாகவே ஒத்துழைத்தது. சாலையோரம் கழிவுநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டுவது அவர் வேலை. அவர் தோண்டிய பள்ளத்தின் விளிம்பு அளவுகோல் வைத்துக் கிழித்த மாதிரி இருக்கும். அதைப் பாராட்டினாலும் 'உம்'தான்.

பள்ளத்தில் குழாய் இறக்கும் கூட்டத்துக்கு மேஸ்திரி அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. அக்கா புருஷனுக்கு நேர் எதிர். வாய் ஓயாது. பள்ளத்துக்குள் எங்கே நிற்கிறான் என்பதைக் குரலை வைத்தே சொல்லிவிடலாம்.

இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் ஒரு மோட்டார் சைக்கிள். மச்சினன் புதிதாக வாங்கியதை முதல் நாள் வேலைக்கு ஓட்டிவந்து, எல்லோர் கண்ணிலும் படட்டும் என்று நட்டநடுவில் நிறுத்தினான். அன்றைக்கு உம்மண்ணன் பொக்லைனைப் பின்னால் எடுக்க, கை காட்டியவனும் அவனேதான். மோட்டார் சைக்கிள் தகடாகிப்போனது. நில்லுங்கள் என்று கையைத் தூக்கினேன் என்றான் மச்சினன். வா என்றுதான் காட்டினான் என்றார் உம்மண்ணன். பார்த்தவர்களில் பாதிப்பேர் அந்தப் பக்கம், பாதிப்பேர் இந்தப் பக்கம். ஒருவர் மட்டும், அவன் ஈ விரட்டினான் என்று சாட்சி சொன்னார்.

அன்றோடு உம்மண்ணன் மச்சினனிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். அது மச்சினனுக்குத் தெரியவே ஒரு மாதம் ஆயிற்று. தெரிந்ததும் அவனும் நிறுத்தினான். கஷ்டம் அவனுக்குத்தான் அதிகம். அக்கா வீட்டுக்கு அவன் வந்தால், எந்த நேரமானாலும் மாமா பல் தேய்க்கப் போய்விடுவார்.

இப்படி இரண்டு வருஷம் போனபின், கம்பெனியின் வேறொரு தளத்தில் பின்னோக்கி வந்த லோடர் வண்டியில் சிக்கி ஒருவருக்குக் கால் போயிற்று. அதற்கப்புறம் எல்லா இயந்திரங்களிலும் கேமரா மாட்டினார்கள். மாட்ட வந்தது ஓர் இளம்பெண் இன்ஜினியர். பொக்லைனைச் சுற்றி நாலு கேமரா, உள்ளே ஒரு திரை. மனுஷன் எது, மண்மேடு எது, சிமெண்ட் மூட்டை எது என்று லட்சக்கணக்கான படங்களைக் காட்டி அதற்குப் பழக்கியிருக்கிறோம் என்று அவள் விளக்கினாள். ஆள் கொஞ்சம் தள்ளி இருந்தால் எச்சரிக்கும். ரொம்பக் கிட்டே வந்தால் இயந்திரம் தானாகவே நின்றுவிடும்.

எச்சரிப்பது ஒரு பெண்குரல். "கவனிக்கவும். பின்பக்கம் நபர் உள்ளார்" என்று நிதானமாகச் சொல்லும். உம்மண்ணனை வாழ்க்கையில் யாரும் அவ்வளவு மரியாதையாகத் தடுத்ததில்லை.

ஆரம்பத்தில் அது செய்த அழிச்சாட்டியம் கொஞ்சநஞ்சமல்ல. கம்பியில் காயப்போட்ட சட்டையைப் பார்த்து நபர் என்றது. கலவை இயந்திரத்தின் தலையில் யாரோ ஹெல்மெட்டைக் கவிழ்த்து வைக்க, அதையும் நபர் என்றது. தப்பாக நிறுத்தும்போதெல்லாம் இந்தப் பொத்தானை அமுக்குங்கள், படத்தைப் பார்த்துச் சரிசெய்கிறேன் என்றாள் இன்ஜினியர். உம்மண்ணனும் சளைக்காமல் அமுக்கினார். தப்பு குறைந்தது.

ஒருநாள் சாப்பிடும்போது மனைவியிடம், இன்றைக்கு அவள் நாலு தடவைதான் நிறுத்தினாள் என்று சொன்னார். கரண்டி அந்தரத்தில் நின்றது.

"எவ?"

"வண்டியில இருக்காளே, அவ."

மனைவி மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. தம்பிக்குப் போன் போட்டுக் கேட்டாள். அவன் சிரித்த சிரிப்பில் பாதியிலேயே போனை வைத்துவிட்டாள்.

ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் அது ஒரு படம் பிடித்து வைக்கும். சனிக்கிழமைக் கூட்டத்தில் சூப்பர்வைசர் அந்தப் படங்களைச் சுவரில் போட்டுக் காட்டினார். முக்கால்வாசிப் படங்களில் இருந்தது மச்சினன்தான், எல்லாவற்றிலும் வாய் திறந்தபடி. குழாய் இருக்கிற இடத்தில்தானே நான் இருக்க முடியும் என்றான். அது நியாயம். அப்படியானால் நகரும்போது ஆபரேட்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகரலாமே என்றார் சூப்பர்வைசர். மாமனும் மச்சினனும் ஆளுக்கொரு பக்கம் கூரையைப் பார்த்தார்கள். கடைசியில் வெல்டர் ஒருவரை நடுவில் தூது வைத்தார்கள்.

வெல்டர் பல் பிடுங்க லீவு போட்ட அன்று காலையில் நல்ல மழை. மதியம் வெறித்தது. தளம் முழுக்கச் சேறு. உம்மண்ணன் ஒரு பள்ளத்தை முடித்துவிட்டுப் பொக்லைனைப் பின்னால் எடுக்க நெம்புகோலைத் தொட்டார்.

"பின்பக்கம் தெளிவாக இல்லை. இயந்திரம் நகராது" என்றது குரல்.

திரையில் பின்பக்கப் படம் முழுக்கப் பழுப்பாக இருந்தது. இதற்கு ஒரு வழி உண்டு. பக்கத்தில் இருக்கும் சிவப்பு சுவிட்சை அமுக்கிப் பிடித்தால் அதை மீறி மெதுவாக நகர்த்தலாம். ஆனால் அதை அமுக்கியவர் சனிக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்று, ஏன் அமுக்கினேன் என்று எல்லோர் முன்னாலும் பேசியாக வேண்டும். உம்மண்ணனுக்கு அதைவிட வண்டியோடு பள்ளத்தில் விழுவது மேல். பழந்துணி ஒன்றை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். இறங்கும்போது அவர் பேசியவை எழுதத் தகுந்தவை அல்ல. ஆனால் அத்தனை வார்த்தைகளை ஒரே மூச்சில் அவர் பேசியது அதுதான் முதல் தடவை.

பின்னால் போனார். கேமராவில் சேறு அப்பியிருந்தது. அதற்குக் கீழே, அடுக்கிவைத்த குழாய்களுக்கும் பொக்லைனின் செயின் சக்கரத்துக்கும் நடுவில், மச்சினன் சேற்றில் உட்கார்ந்திருந்தான். குழாய்களை எண்ணிப் பார்க்க வந்தவன் வழுக்கி விழ, மேலே இருந்த குழாய் ஒன்று உருண்டு காலை அமுக்கியிருந்தது. இன்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்காமல், கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. கையை நீட்டினால் செயினைத் தொடலாம்.

உம்மண்ணன் குனிந்து, கேமராவுக்காக எடுத்து வந்த துணியால் மச்சினன் முகத்தைத் துடைத்தார்.

"என்ன மாப்ள, இங்க உக்காந்திருக்க?"

"சும்மாதான் மாமா." குரல் காற்றாக வந்தது. "வண்டிய நிறுத்திட்டுதான வந்தீங்க?"

"நான் எங்க நிறுத்தினேன். அவ நிறுத்தினா."

இன்ஜினை அணைத்துவிட்டு ஆட்களைக் கூப்பிட்டுக் கத்தினார். தளத்தில் பாதிப்பேர் விபத்தைப் பார்க்க ஓடிவரவில்லை. இது யார் குரல் என்று பார்க்கத்தான் ஓடிவந்தார்கள். நாலு பேர் சேர்ந்து குழாயைத் தூக்கினார்கள். கணுக்காலில் எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரி வரைக்கும் உம்மண்ணன் கூடவே போனார். மச்சினனை உள்ளே கொண்டுபோனபின் வராந்தாவில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். குடித்தார். மூடியைத் திரும்பப் போட அவரால் முடியவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு நர்ஸ் வாங்கி மூடிக் கொடுத்தாள்.

மனைவி பதறியடித்துக்கொண்டு வந்தாள். கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள், தம்பி முகத்தைப் பார்த்தாள், புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் பேசிட்டீங்களா?"

"உம்" என்றார்கள் இரண்டு பேரும்.

மறுநாள் இன்ஜினியர் வந்து எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தாள். உம்மண்ணன் தானாகவே அவளிடம் போனார். வண்டியில் இருக்கிறவள் என் மச்சினனைப் பார்த்துவிட்டாள் என்று சொன்னார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் இன்ஜினியருக்கு நல்ல பேர்தான். அவள் அப்படிச் சொல்லவில்லை.

"இல்லண்ணே. அது அவர பாக்கவே இல்ல. கேமராவ சேறு மறைச்சிடுச்சு. ஒண்ணும் தெரியலன்னா நகரக் கூடாதுன்னு வச்சிருக்கோம். அவ்வளவுதான்."

உம்மண்ணன் பின்னால் போய்க் கேமராவைப் பார்த்துவிட்டு வந்தார்.

"அப்ப, தெரியலன்னு ஒத்துக்கிச்சு."

"ஆமாண்ணே."

"உம்" என்றார்.

கால் சேரும்வரை மச்சினனுக்கு ஆபீஸில் உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்தார்கள். சேற்றில் பாதி புதைந்தவர், குனிந்தவர், குழாய்க்குப் பின்னால் தலை மட்டும் தெரிபவர் என்று படம் படமாகப் பார்த்து, இது ஆள், இது ஆள் இல்லை என்று கேமராவுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பேசிக்கொண்டே செய்தான். இன்ஜினியர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டாள். மோட்டார் சைக்கிள் விவகாரம் மட்டும் தீரவில்லை. நில்லுங்கள் என்றேன், வா என்றான் என்று இப்போது மாமனும் மச்சினனும் சமையலறையில் உட்கார்ந்து நேருக்கு நேர் சண்டை போடுகிறார்கள். அதுவே பெரிய விஷயம் என்று அக்கா இரண்டு பேருக்கும் காப்பி போட்டுக் கொடுக்கிறாள்.

இன்னொரு தளத்தில் ஆபரேட்டர்கள் கேமராவைத் துணி போட்டு மூடிவைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நீங்கள் வந்து அவர்களிடம் பேச வேண்டும் என்று இன்ஜினியர் உம்மண்ணனைக் கேட்டாள். அவர் மாட்டேன் என்றார். இரண்டு நாள் கழித்து, வேன் எத்தனை மணிக்கு என்று அவரே கேட்டார். அங்கே அத்தனை பேர் முன்னால் போய் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அது நிறுத்தினா இறங்கிப் பாருங்க. திட்டிக்கிட்டே இறங்குங்க, தப்பில்ல. நானும் அப்படித்தான் இறங்கினேன். ஆனா இறங்குங்க."

மேலே ஏதாவது சொல்லுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் வேனில் போய் உட்கார்ந்துகொண்டார்.