மூன்று நாள் ஊறவைக்கச் சொன்ன அக்கா

எங்கள் அக்கா இறைவனடி சேர்ந்து ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம்.

"சித்தி, அம்மாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்கள்" என்று அக்காவின் மகள் கேட்டாள். எழுத உட்கார்ந்த மறுநாளே, "சப்பான் காலத்துக் கதையெல்லாம் திதி நாளில் எதற்கு?" என்று பெரியவர்கள் சிலர் சொல்லி அனுப்பினார்கள். சப்பான்காரன் மலாயாவை ஆண்ட அந்த மூன்றரை ஆண்டுகளை விட்டுவிட்டு எழுதினால் இது வேறு யாரோ ஒருவருடைய நினைவு மலராகிவிடும். ஆகவே எழுதத்தான் போகிறேன்.

அக்கா பிறந்தது கிள்ளானுக்கு வெளியே ஒரு ரப்பர்த் தோட்டத்தில். என்னைப் பெற்ற காய்ச்சலிலேயே அம்மா போய்விட்டார். என்னைவிட ஏழு வயதே மூத்த அக்காதான் என்னை வளர்த்தார். தோட்டத்துக்கு அருகில் ஒரு சீனர் மரவள்ளி மாவு ஆலை வைத்திருந்தார். அங்கிருந்து வழிந்த தண்ணீரைக் குடித்த எங்கள் ஆடு, நுரை தள்ளி, அக்காவின் மடியில் செத்தது. கசப்பு மரவள்ளி மாவுக்கு மட்டுமே ஆகும், அப்படியே தின்றால் ஆளைக் கொல்லும் என்று ஆலைக்காரர் அன்று சொன்னதை அக்கா மறக்கவே இல்லை.

பதினெட்டு வயதில் அக்கா கல்யாணமாகி, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் போனார். அப்பா காலமானதும் நானும் அங்கேயே போய்ச் சேர்ந்தேன். சப்பான்காரன் வடக்கே இறங்கிவிட்டான் என்று கேள்விப்பட்டதும் குவார்ட்டர்ஸில் ஆளாளுக்கு நகையைப் புதைத்தார்கள். அக்கா இரண்டு மூட்டை உப்பு வாங்கினார். "ஊரே தங்கத்தைப் புதைக்குது, இவ உப்பைப் புதைக்கிறா" என்று குழாயடியில் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார்.

அக்கா மண்வெட்டியை எடுத்தார். வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதை வரை கிடந்த புல்தரையைக் கொத்தினார். நானும் கூடவே கொத்தினேன். இனிப்பு மரவள்ளி, சர்க்கரைவள்ளி, பசலை, முருங்கை எல்லாம் நட்டோம். அரிசிக் கார்டுக்குக் கிடைத்த அரிசி, முதலில் பாதியாகி, பிறகு பேருக்கு ஒரு பிடியாகியபோது எங்கள் வீட்டில் கிழங்கு இருந்தது. தின்றது போக மிஞ்சியதை அக்கா சும்மா விடமாட்டார். சீவி, அரை வேக்காடு வேகவைத்து, தகரக் கூரைமேல் மூன்று வெயில் காயவைத்து, மண்ணெண்ணெய் டின்களில் அடைப்பார். மூடி ஓரத்தில் ரப்பர் பால் தடவி இறுக்குவார், பூச்சி நுழையாது. கிள்ளான் தாய்மாமா கொண்டுவரும் கருவாடு ஒரு டின், உப்பில் ஊறிய எலுமிச்சை ஒரு ஜாடி. "இது இன்னைக்குத் திங்க இல்லை. இன்னைக்கு இருக்கிறது இல்லாமப் போற நாளைக்கு" என்பார்.

அந்த நாள் வந்தது. அத்தானைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவே இல்லை. எதிர்வீட்டுப் பாக்கியம் அம்மாளின் கணவரையும் அதே லோரியில்தான் ஏற்றினார்கள். பாக்கியத்துக்கு இரண்டு பிள்ளைகள், அக்காவுக்கு ஒரு மகள். அதன்பிறகு அக்கா டின்னைத் திறக்கும்போதெல்லாம் எதிர்வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போகும். குவார்ட்டர்ஸில் இப்படி ஐந்தாறு வீடுகள் அந்த டின்களை நம்பி இருந்தன. பதுக்கினார் என்று பிறகு பேசியவர்கள் இந்த வாக்கியத்தை இன்னொரு முறை படிக்கவும்.

அப்போது எங்கள் வட்டாரத்துக்கு ஒரு தலைவரை நியமித்திருந்தார்கள். நம்மவர்தான். அவர் பெயரை இங்கே எழுத மாட்டேன். பலருக்குத் தெரியும், தெரியாதவர்களுக்குத் தேவையில்லை. உணவுப் பயிர் பெருக்க வேண்டுமென்று உத்தரவு வந்ததும் அவர் வண்டி வண்டியாக மரவள்ளிக் குச்சி கொண்டுவந்து, திடல் முழுக்க நடச் சொன்னார். மாதங்கள் கழித்து முதல் கிழங்கைப் பிடுங்கிப் பார்த்தபோது தொடை பருமன் இருந்தது. அக்கா ஒரு துணுக்கைக் கிள்ளி நாக்கில் வைத்தார். உடனே துப்பினார்.

"ஐயா, இது கசப்பு ரகம். மாவு ஆலைக்குப் போடுறது. ஊறவைக்காமத் தின்னா ஆபத்து. எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிடுங்க."

"நீ என்ன டாக்டரா? மேலேயிருந்து வந்த பயிரைக் குறை சொல்றியா? வாயை மூடிட்டு இரு. இல்லாட்டி எங்கே கூட்டிட்டுப் போவாங்கன்னு தெரியுமில்லே?"

அக்கா வாயை மூடவில்லை. வீடு வீடாகப் போனார். "தோலை உரிச்சு, துண்டு போட்டு, மூணு நாள் தண்ணியிலே ஊறவைங்க. தினமும் தண்ணியை மாத்துங்க. அந்தத் தண்ணியைக் கோழிகூடக் குடிக்கக் கூடாது." சிலர் கேட்டார்கள். பலர், தலைவருக்குப் பயந்து, அக்கா வருவதைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள்.

அந்த வாரமே பாக்கியத்தின் சின்னப் பிள்ளை இறந்துவிட்டான். நான்கு வயது. மாலை வாந்தி எடுத்தவன், விளக்கு வைக்கும் நேரத்துக்குள் அடங்கிவிட்டான். அடக்கம் முடிந்து வந்ததும் பாக்கியம் அக்காவின் காலடியில் விழுந்தார். நான் பக்கத்திலேயே இருந்தேன்.

"நீங்க சொன்னீங்களே அக்கா! பசிக்குது பசிக்குதுன்னு அழுதான். திடல்லே பிடுங்கினதை அப்படியே சுட்டுக் கொடுத்துட்டேன். மூணு நாள் அவன் எப்படி அக்கா தாங்குவான்?"

அக்கா அவர் வாயைப் பொத்தினார். "இதை வேற யார்கிட்டயும் சொல்லாதே. புருஷன் வந்தா உன்னைத்தான் கேப்பான். இருக்கிற பிள்ளையைப் பாரு."

பாக்கியம் சொல்லவில்லை. ஆனால் தலைவர் பேசினார். தம் குச்சியால் வந்த சாவு என்று மேலிடத்துக்குத் தெரிந்தால் அவர் தலை உருளும். ஆகவே அக்கா வீட்டு வற்றலைத் தின்றுதான் பிள்ளை செத்தது என்றார். எதிர்வீட்டுக்குக் கிண்ணம் போனதை எல்லாரும் பார்த்திருந்தார்கள் அல்லவா? மறுநாள் ஆட்களோடு வந்து பதினோரு டின்களையும் தூக்கினார். விஷம் என்று சொன்ன அந்த வற்றலை அவர்கள் கொட்டி அழிக்கவில்லை, தங்கள் வீடுகளுக்குத்தான் கொண்டுபோனார்கள். இதை என் கண்ணால் பார்த்தேன்.

அக்காவைத் திடலின் நடுவில், தலைக்குமேல் ஒரு டின்னைத் தூக்கிப் பிடித்தபடி நிற்க வைத்தார்கள். கீழே விட்டால் அடி. குவார்ட்டர்ஸ் முழுவதையும் கூப்பிட்டு வேடிக்கை பார்க்க வைத்தார்கள். "பதுக்கல்காரி, பிள்ளையைக் கொன்னவ" என்று தலைவர் கத்தினார். அக்கா தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாகக் கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "மூணு நாள் ஊறவைங்க! தண்ணியை மாத்துங்க!"

கன்னத்தில் ஓர் அறை. மறுபடியும், "மூணு நாள் ஊறவைங்க!" இன்னோர் அறை. வெயில் உச்சிக்கு ஏறும்வரை இதுதான் நடந்தது. உதடு கிழிந்து வார்த்தை குழறியபோதும் நிறுத்தவில்லை. நான் போய்த் தடுக்கவில்லை. என் இடுப்பில் அக்காவின் மகள் இருந்தாள். அதைக் காரணமாகச் சொல்லலாம். பயந்தேன் என்பதுதான் உண்மை.

அன்று மாலையிலிருந்து எங்கள் வரிசையில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பானையில் கிழங்கு ஊறியது. சண்டை முடியும்வரை எங்கள் குவார்ட்டர்ஸில் கிழங்கு தின்று வேறு பிள்ளை எதுவும் சாகவில்லை. அக்கா சொன்னதைக் கேட்டார்கள். அக்காவிடம் மட்டும் பேசவில்லை. வெறுங்கையோடு அக்கா மறுபடி கொத்தத் தொடங்கினார். முதலில் காய்ந்த வற்றலில் ஒரு கிண்ணம், பழைய வழக்கப்படி, எதிர்வீட்டுக்குப் போனது.

சண்டை முடிந்தது. தலைவர் கதர்ச் சட்டை போட்டுக்கொண்டு சங்கத் தலைவரானார். மாலை வாங்கினார், மேடையில் தியாகம் பற்றிப் பேசினார். அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கினார். கோயில் அன்னதானத்துக்குக் காய் நறுக்கப் போனால், "நீங்க உட்காருங்க, நாங்க பார்த்துக்கிறோம்" என்று கத்தியை வாங்கிக்கொள்வார்கள். ஐந்தாறு வீட்டுக்குச் சோறு போட்ட கையிலிருந்து கத்தியைப் பிடுங்கினார்கள்! மகளுக்கு வந்த முதல் சம்பந்தம், "கிழங்கு கொடுத்தவ பொண்ணா?" என்ற ஒரே கேள்வியில் நின்றது. எத்தனையோ முறை கேட்டேன்: "அக்கா, உண்மையைச் சொன்னா என்ன?" ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: "பாக்கியம் தாங்க மாட்டாடி."

கடைசி இரண்டு ஆண்டுகள் அக்கா கிள்ளானில் மகள் வீட்டில் இருந்தார். சென்ற ஆண்டு ஒரு காலையில், கஞ்சி குடித்துவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இறுதிச் சடங்குக்குப் பாக்கியம் அம்மாள் பேரனைப் பிடித்துக்கொண்டு வந்தார். அக்காவின் கால்மாட்டில் அமர்ந்து, கூடியிருந்தவர்கள் அனைவர் காதிலும் விழ எல்லாவற்றையும் சொன்னார். பிறகு என்னிடம், "நீ எழுதும்மா, என் பேரைப் போட்டே எழுது. நான் உயிரோட இருக்கும்போதே எழுது. போனப்புறம் எழுதினா பொய்னு சொல்லிடுவாங்க" என்றார். அவர் சொல்லித்தான் எழுதுகிறேன்.

அக்காவின் கடைசி நாட்களில் வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டருக்கும், தோள் கொடுத்த கிள்ளான் உறவினர்களுக்கும், தள்ளாத வயதில் வந்து வாய் திறந்த பாக்கியம் அம்மாளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்தத் தலைவரின் பிள்ளைகள் திதிக்கென்று ஒரு பெரிய மாலையும் தந்தையார் பெயரில் ஓர் அனுதாபக் கடிதமும் அனுப்பியிருந்தார்கள். கடிதத்தில் "அந்தக் காலத்தில் எல்லாரும் கஷ்டப்பட்டோம்" என்று இருந்தது. அக்கா இருந்திருந்தால் வாங்கி வைத்திருப்பார். நான் இரண்டையும் கொண்டுவந்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.