சதுப்பை மூட வந்தவர்

குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த சதுப்பை மண் கொட்டி மூட வந்த இயந்திர ஓட்டுநர் அவர். ஒடிசலான உடம்பு, வெயிலில் வெளுத்த தொப்பி. தினமும் வெறுங்காலோடு சேற்றில் நடந்து பார்த்த பிறகுதான் இயந்திரத்தைக் கிளப்புவார். எனக்கு எரிச்சலாக வரும்.

“எப்பண்ணே முடிப்பீங்க? கொசு தாங்கல.”

“முடிச்சிரலாம்லா. ஆனா மலைத் தண்ணி இங்கதான் வந்து தங்குது. மூடிட்டா ஒங்க வீட்டுக்குள்ளதான் வரும்.”

“தெரிஞ்சும் ஏன் மூடுறீங்க?”

“மூடச் சொல்லி மனு கொடுத்தது நீங்கல்லாம்தானேக்கா?”

மனுவில் முதல் கையெழுத்தே என்னுடையது. உள்ளே போய்விட்டேன்.

சதுப்பை மூடி முடித்தபின் வந்த முதல் பெருமழையில் கூடத்தில் முழங்கால் அளவு வெள்ளம். மோட்டார் சைக்கிளைத் தெருமுனையில் விட்டுவிட்டு வெள்ளத்தில் நடந்து வந்த ஓட்டுநர், என்னோடு சேர்ந்து குளிர்பெட்டியைத் தூக்கி மேசைமேல் வைத்தார். ‘அன்றைக்கே சொன்னேனே’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரோடு சண்டையாவது போட்டிருப்பேன்.