பால்காரன்தான், படு

“கண் ஆபரேஷனை இந்த வருஷமே செய்துவிட வேண்டும் என்கிறார் டாக்டர்,” என்றேன்.

“அவரு சொல்லுவாரு. அவருக்கு ரெண்டு கண்ணு இருக்கு,” என்றாள் செல்லக்கிளி.

கையில் டார்ச் விளக்கோடு டாக்டர் என்னைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. அவள் யோசிப்பதாக ஆங்கிலத்தில் சொன்னேன்.

“ஏத்தா டீச்சரு, நான் பேசினது அம்புட்டு, நீ சொன்னது இம்புட்டா? முழுசாச் சொல்லு.”

முழுவதும் சொன்னேன். டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, எத்தனை விரல் என்று கேட்கச் சொன்னார்.

“வெரலா? கையே புகையாத்தான் தெரியுது.”

“இப்படியே விட்டால் அடுத்த கோடையில் அதுவும் தெரியாதாம்.”

“செஞ்சு, இதுவும் போச்சுன்னா?”

அதையும் கேட்டுச் சொன்னேன். “ஆடாமல் அசையாமல் படுத்திருந்தால் போகாது என்கிறார்.”

“நான் படுத்திருவேன் தாயி. அவுக வராம இருக்கணும்ல.”

யார் வரக் கூடாது என்று டாக்டர் கேட்டார். அந்த வருஷம்தான் முதல் தடவையாக எங்கள் ஊருக்கு வந்தவர் அவர். நான் சொல்லத் தொடங்குவதற்குள் அடுத்த நோயாளியை அழைத்து வந்துவிட்டார்கள்.

அது 1963ஆம் வருஷத்து மே மாதம். திண்டுக்கல் நற்பணிச் சங்கம் ஒவ்வொரு கோடையிலும் பள்ளிக்கூடம் ஒன்றில் இலவசக் கண் முகாம் நடத்திவந்தது. லீவு விட்ட வகுப்பறைகளில் பெஞ்சுகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பாய் விரித்தால் கட்டில். தோல் பதனிடும் பேகம்பூர்ப் பக்கமிருந்து காற்று திரும்பினால் அறைக்குள் தோல் வாடை வீசும். டாக்டர்கள் பேசும் ஆங்கிலத்தை நோயாளிகளுக்குத் தமிழில் சொல்வது என் வேலை. செல்லக்கிளிக்கு அங்கே யாரும் வேலை கொடுக்கவில்லை. அவளாகத்தான் வந்தாள்.

அவளுக்கு ஊர் ஆத்தூர்ப் பக்கம். புருஷன் இறந்த பிறகு ஒரு நிலத்துக்காரரிடம் கூலி வேலை பார்த்தாள். களை எடுப்பதும் கத்தரிக்காய் பறிப்பதும் அவர் தோட்டத்தில். குடிசை போட்டிருந்ததும் அவர் இடத்தில். சங்கத்தின் முதல் முகாமில் அவளுடைய வலது கண்ணில் புரை எடுத்தார்கள். அப்போதெல்லாம் புரை எடுத்தால் இரண்டு கண்ணையும் கட்டிவிடுவார்கள். ஒரு வாரம் மல்லாந்து படுத்தபடியே கிடக்க வேண்டும். தையல் பிரிந்தால் பார்வை போய்விடும்.

மூன்றாம் நாள், முகாமுக்கு அரிசி கொடுத்தவர் பார்க்க வந்தார். அவர்தான் அந்த நிலத்துக்காரர். வாசலில் யாரோ “அய்யா வாராக” என்றார்கள். அவர் தொண்டையைச் செருமினார். வரப்பில் அந்தச் செருமல் கேட்டால் குனிந்து நிற்பவர்கள் நிமிர்வார்கள். இடுப்பில் தூக்கிச் செருகிய சேலையை இறக்கிவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். செல்லக்கிளி கண்கட்டோடு விருட்டென்று எழுந்து, குரல் வந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

“சுருக்குன்னு வலிச்சுச்சு,” என்று பிறகு என்னிடம் சொன்னாள். “ஆனா அவுக போற வரைக்கும் நின்னேன்.”

அந்தக் கண் போயிற்று. டாக்டர் சொன்னபடி அவள் கேட்கவில்லை என்று முகாமில் பேசிக்கொண்டார்கள்.

சங்கத்தார் நல்லவர்கள்தான். பஸ் நிலையத்தில் கோடைக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டார்கள், தண்ணீர் இல்லாத கிராமத்தில் கிணறு வெட்டினார்கள், பிள்ளைகளுக்குச் சிலேட்டு கொடுத்தார்கள். எதைச் செய்தாலும் பார்க்க ஒரு பெரிய மனிதர் வருவார். மாலை போடுவார்கள், போட்டோ எடுப்பார்கள். சிலேட்டு வாங்கும் பிள்ளைகள் எழுந்து நின்றால் யாருக்கும் நஷ்டமில்லை. கண் முகாமில் அப்படி இல்லை என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறு வருஷம் செல்லக்கிளி வந்தபோது, கஞ்சிக்காக வந்திருக்கிறாள் என்று நினைத்தார்களாம். அவள் பெண்கள் படுத்திருந்த அறை வாசலில் உட்கார்ந்துகொண்டாள். கார் சத்தம் கேட்டதும் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்: “எவனுமில்லடி, பால்காரன்தான். படு!”

நான் போன முதல் வருஷம் அப்படி வந்த பால்காரர் பெரிய அதிகாரி ஒருவர். வெள்ளைக் கால்சட்டை, பின்னால் சங்கச் செயலாளர்.

“பால்காரன் சென்ட்டெல்லாம் பூசிக்கிட்டு வாரானாக்கும்?” என்றாள் ஜக்கம்மாள் என்ற நோயாளி, கண்கட்டோடு.

“அவன் மாமியா வீட்டுக்குப் போறான். ஒனக்கென்ன? வாயை மூடிட்டுப் படுடி.”

செயலாளர் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் ஒருத்தியும் தலையைத் தூக்கவில்லை. அதன் பிறகு அந்த அறையில் எழுந்து நின்று யாரும் கண்ணை இழக்கவில்லை.

அப்படி மற்றவர்களைப் படுக்கவைத்தவள் இப்போது தானே படுக்க வேண்டும். இருப்பது ஒரே கண். இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றாள். இடது கண்ணில் புரை எடுத்துக் கட்டுப் போட்டார்கள். வாசலில் உட்கார ஆள் இல்லை. நான் அவள் தலைமாட்டில் உட்கார்ந்தேன்.

மூன்றாம் நாள் செயலாளர் வேகமாக வந்து, நிலத்துக்காரர் வந்திருப்பதாகச் சொன்னார். இன்றைக்கு உள்ளே வர வேண்டாமே என்றேன். நான் எப்போதும் மெதுவாகத்தான் பேசுவேன். அவர் காதில் விழுந்ததோ இல்லையோ, “அரிசி அவருதும்மா. வெளியில நிறுத்த முடியுமா?” என்று சொல்லிக்கொண்டே திரும்பிப் போனார்.

செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு அந்தச் செருமல்.

செல்லக்கிளியின் இரண்டு கைகளும் பாயிலிருந்து எழும்பின.

“பால்காரர்தான்,” என்றேன். குரல் தொண்டையைத் தாண்டவில்லை.

“பொய் சொல்லாதத்தா. எனக்குத் தெரியாதா?”

கழுத்து நரம்பு புடைத்தது. மோவாய் மேலே வந்தது. ஒரு கையை அவள் நெற்றியிலும் மறு கையைத் தோளிலும் வைத்து அழுத்தினேன். களை எடுத்த உடம்பு; என் கையையும் சேர்த்துத் தூக்கியது.

“விடுத்தா. அவுக நிக்கிறாக.”

“நிக்கட்டும்!”

அறை முழுவதும் கேட்டது. அவருக்கும் கேட்டது. செயலாளர் வாய் திறந்தபடி என்னைப் பார்த்தார். செல்லக்கிளியின் நெற்றி வியர்வையில் என் உள்ளங்கை வழுக்கியது. கைகள் மட்டும் நெஞ்சின் மேல் கும்பிட்டபடி நின்றன. தலை பாயை விட்டு எழவில்லை.

“யாரு, பால்காரனா?” என்றது பக்கத்துப் படுக்கை.

நிலத்துக்காரர் திரும்பிப் போனார். செருப்புச் சத்தம் வெளிவாசல் வரை கேட்டது. கார் கிளம்பிப் போன பிறகும் நான் கையை எடுக்கவில்லை.

கட்டு அவிழ்த்த அன்று டாக்டர் கையை நீட்டினார். செல்லக்கிளி வெகுநேரம் உற்றுப் பார்த்தாள்.

“ரெண்டு வெரலு,” என்றாள். “ஒண்ணுல மோதிரம்.”

மோதிரத்தையும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன்.

மழைக்காலம் வருவதற்குள், நிலத்துக்காரரின் தோட்டத்தில் ஆள் போதும் என்று செல்லக்கிளியிடம் சொல்லிவிட்டார்கள். குடிசையையும் பிரித்துக்கொள்ளச் சொன்னார்கள். அன்று நடந்ததுதான் காரணமா என்று எனக்குத் தெரியாது. அவளும் அப்படிச் சொல்லவில்லை. முகாமுக்கு மறு வருஷமும் அவரிடமிருந்துதான் அரிசி வந்தது.

ஆயக்குடியில் அவளுக்கு ஒரு தங்கை இருந்தாள். கொய்யாத் தோப்பில் வேலை கிடைக்கும் என்று செல்லக்கிளி புறப்பட்டாள். வழியனுப்ப பஸ் நிலையத்துக்குப் போனேன். தடித்த கண்ணாடியை நூலால் தலையில் கட்டியிருந்தாள். பஸ்ஸின் பெயர்ப் பலகையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அக்கா, எதுவும் வேணுமா?” என்று கேட்டேன்.

“ஒண்ணு வேணும். அடுத்த கோடைக்கு நான் வர முடியுமோ என்னமோ. வாசலை நீ பாத்துக்க. அவுக வந்தாலும் சரி, வேற எவுக வந்தாலும் சரி, பால்காரன்னு சொல்லு. முணுமுணுன்னு சொல்லாத தாயி. அன்னைக்கு எனக்கு ‘நிக்கட்டும்’னு சொன்னே பாரு, அந்தக் கொரல்ல சொல்லு.”