வரிசையில் ஒரு ஸ்பிரிங்

மகளுக்கு வாங்கிய பொம்மைப் பெட்டியில் ‘ஸ்மால் காம்பொனென்ட்ஸ்’ என்று எச்சரிக்கை போட்டிருந்தது. “அப்டின்னா என்னம்மா?” என்றாள்.

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது டீச்சரும் ‘காம்பொனென்ட்’ என்றால் என்ன என்று கேட்டு, வீட்டிலிருந்து ஏதாவது ஒரு உதிரி பாகம் கொண்டுவரச் சொன்னார். எங்கள் கோச்சடை வீட்டில் அப்பா தையல் மெஷின் ரிப்பேர் பார்த்தார். கழற்றியதையெல்லாம் கழற்றிய வரிசையிலேயே செய்தித்தாளில் பரப்பி வைப்பார். எண்ணெய் வாசனை அடிக்கும் அந்த வரிசையிலிருந்து ஒரு ஸ்பிரிங்கை எடுத்துப் போனேன். வகுப்பே கைதட்டியது.

சாயங்காலம் நான் வீடு திரும்பியபோது, மெஷினைத் திரும்ப வாங்க வந்த டெய்லர் அக்கா, “உங்கள நம்பிக் குடுத்தேன் பாருங்கண்ணே!” என்று கத்திக்கொண்டிருந்தார். அப்பா தரையைத் தடவியபடி, “நாந்தான் எங்கயோ தொலச்சுட்டேன்மா” என்றார். ஸ்பிரிங் என் பையில் இருந்தது.

“சின்னச் சின்னச் சாமான்டி” என்றேன் மகளிடம். எடுத்தது நான்தான் என்று அப்பாவிடம் கடைசிவரை சொல்லவில்லை. இவளிடமும் சொல்லவில்லை.