நான் சொன்ன எபிசோட்

அந்தச் சீரியல் பெண் மேல் எனக்கு இருந்த பொறாமையை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். சக்களத்தி இருந்திருந்தால்கூட அவள் மேல் அவ்வளவு எரிந்திருக்க மாட்டேன். அவளுக்கு விழும் ஒரு அறையை மூன்று பக்கமிருந்து மூன்று முறை காட்டுவார்கள். பின்னால் வயலின் அழும். கீழே விழுந்தாலும் தலையில் வைத்த மல்லிகை நசுங்காது, கண்மை அளவாகத்தான் கரையும். மறுநாள் ஆரம்பத்தில் மறுபடி அதே அறை. எனக்கு விழுவதெல்லாம் ஒரே முறைதான், இசையும் கிடையாது. அடி வாங்கிய கையோடு அடுப்பில் பால் பொங்குகிறதா என்று போய்ப் பார்க்க வேண்டும்.

மேனாம்பேட்டில் மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்கார அம்மா, பக்கவாட்டில் இன்னும் இரண்டு குடித்தனம். என் கணவரின் கம்ப்யூட்டர் வேலைக்காக விழுப்புரம் பக்கமிருந்து வந்தவர்கள் நாங்கள். அவர் அதிர்ந்து பேசாத மனிதர் என்று காம்பவுண்டு முழுக்கப் பெயர். உண்மைதான், அடிக்கும்போதும் அதிர்ந்து பேச மாட்டார்.

எனக்குத் தாங்க முடியாமல் போனது, அவரும் அந்தச் சீரியலைப் பார்த்ததுதான். அவள் புருஷன் கை ஓங்கினால், பிய்த்த தோசையை வாயில் வைக்காமல், "இவன்லாம் ஒரு மனுஷனா?" என்பார். ஒருநாள் கண் கலங்கியேவிட்டது. அன்றைக்கு என் தோளில் அவர் விரல்கள் பதிந்த இடம் நீலமாக இருந்தது. கட்டிய புருஷனின் இரக்கத்தைக்கூட அவளே வாங்கிக்கொண்டு போனாள்.

காலையில் தெருவுக்குக் காய்கறி வண்டி வரும்போது காம்பவுண்டுப் பெண்களெல்லாம் கூடிவிடுவார்கள். கத்தரிக்காயைப் பொறுக்கியபடி முந்தின நாள் கதையைப் பேசுவார்கள். "அந்தப் பொண்ணு ஊட்ட உட்டுப் போவ வேண்டியதுதானே? இன்னாத்துக்கு உதைபட்டுகினு கீது?" என்பார் வீட்டுக்கார அம்மா. அந்தத் தைரியத்தில் ஒருநாள் என் கதையைப் பாதி சொன்னேன். "எல்லா ஊட்லயும் கீறதுதாம்மா. கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்று முடித்துவிட்டார். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். இங்கே சீரியலுக்குத்தான் உபதேசம்.

பிறகு ஒருநாள் சரியாகச் சீரியல் நேரத்தில் தெரு முழுக்கக் கரண்ட் போனது. அவர் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஆபீஸ் மீட்டிங் பாதியில் அறுந்தது. கரண்ட் போகும் என்று ஏன் விசாரித்து வைக்கவில்லை என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் கையை முறுக்கி பாத்ரூமுக்குள் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டார். இருட்டில் கதவைத் தட்டினேன், பக்கெட்டால் தரையில் இடித்தேன். வெளியே தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. சாப்பிட்டு முடித்து, கரண்ட் வந்த பிறகு, கதவைத் திறந்து, "சட்னி அரைக்கலையா?" என்றார்.

மறுநாள் காலை வண்டியருகே எல்லோரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். கரண்ட் போனால் நான் போனில் பார்த்துவிடுவேன், விட்டுப்போனதை மற்றவர்களுக்குச் சொல்வேன். அது எங்கள் காம்பவுண்டு வழக்கம். நேற்று நான் எங்கே பார்த்தேன்? ஆனாலும் வாய் தானாகத் திறந்தது. "அவன் அவளை பாத்ரூம்ல தள்ளித் தாழ்ப்பாள் போட்டுட்டான்" என்று ஆரம்பித்து, சட்னி வரைக்கும் சொன்னேன்.

பக்கத்துப் போர்ஷன்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வீட்டுக்கார அம்மாவுக்கும் குரல் உடைந்தது. "எவ்ளோ நேரம் கதவத் தட்டிருக்கும்! அக்கம்பக்கத்துல ஒருத்தருக்குமா கேக்கல?"

"கேக்கலம்மா" என்றேன்.

எனக்கு வயிறு எரிந்தது. என் கதையைச் சொல்லி அந்தச் சீரியல்காரிக்கு அழுகை வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

மத்தியானம் அந்த எபிசோடை மறுபடி போடுவார்கள். அது முடிந்த கொஞ்ச நேரத்தில் வீட்டுக்கார அம்மா மூச்சிரைக்க மாடியேறி வந்தார். என் கணவர் ஆபீசுக்குப் போயிருந்தார்.

"நீ சொன்னது ஒண்ணுமே அதுல வர்லியே. கோயில்ல வெளக்கு போட்டுகினு கீது அந்தப் பொண்ணு."

நான் நைட்டியின் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"நேத்து எங்க சமையக்கட்டு மேல தடதடன்னு சத்தம். தண்ணி மோட்டார்னு நெனச்சுகினேன். இப்பதான் ஒறைக்குது. கரண்டே இல்லாம மோட்டார் எப்டி ஓடும்?"

அவர் என் கையைப் பிடித்து நைட்டியின் கையை மேலே தள்ளினார். பார்த்ததும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். "இன்னா பண்ணலாம் சொல்லு" என்றார். இந்த முறை அனுசரிக்கச் சொல்லவில்லை.

"ஆவடியில அக்கா இருக்கா. ஆனா இவர் விடமாட்டார்."

"உடாம இன்னா பண்ணுவான்? நாங்க இல்ல?"

அன்று சீரியல் நேரத்தில் கீழே எந்த வீட்டிலும் டிவி ஓடவில்லை. காம்பவுண்டுப் பெண்கள் மூன்று பேரும் என் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். போன் பண்ணியதும் ஆவடியிலிருந்து வந்துவிட்ட அக்கா என் துணிப்பையை மடியில் வைத்திருந்தாள். ஆபீசிலிருந்து வந்த என் கணவர் செருப்பைக் கழற்றியபடியே எல்லோரையும் பார்த்து, "என்னம்மா, சீரியல் நேரத்துல இங்க?" என்று வழக்கமான தன்மையோடு சிரித்தார்.

"இன்னிக்கு இங்கதான் நைனா பாக்கப் போறோம்" என்றார் வீட்டுக்கார அம்மா. என் கணவரின் சிரிப்பு நின்றது. வழியை மறிக்கக் கை நீண்டது, மூன்று பேரும் எழுந்ததும் இறங்கிவிட்டது. நான் படியிறங்கி அக்காவோடு ஆட்டோவில் ஏறினேன்.

ஆவடியில் அக்கா வீட்டிலும் அந்தச் சீரியல் ஓடுகிறது. சீரியல் பெண் இன்னும் புருஷன் வீட்டில்தான் இருக்கிறாள், போய்விட்டால் கதையை எப்படி இழுப்பார்கள்? வந்து நின்ற மூன்று பேரையும் நான் மறக்க மாட்டேன். என்றாலும் அவளைப் பார்த்தால் இன்றைக்கும் எரிகிறது. அந்த இருட்டு என்னுடையது, அந்தத் தாழ்ப்பாளும் என்னுடையது. காய்கறி வண்டியருகே சிந்திய கண்ணீர் மட்டும் அவள் கணக்கில் போய்விட்டது.