பயம் ஓடிய கிலோமீட்டர்

பள்ளிக்கூடங்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகும் வேனின் ஓட்டுநர் அவர். பதினேழு வருஷமாக ஓட்டுகிறார். ஒரு கோழிக்குஞ்சைக்கூட இடித்ததில்லை. ஆனால் சமையற்கூடத்தில் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘ரிவர்ஸ்’. ஒன்பது பள்ளிகளுக்குப் போக வேண்டிய வண்டியைப் பாதி வழியில் திருப்பிக்கொண்டு வந்த வழியே போவார்.

எதற்கு? சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும். பின்னால் அடுக்கிய பாத்திரங்கள் தடாரென்று முட்டிக்கொள்ளும். உடனே மனசு கேட்கும்: அது பள்ளந்தானா, ஆளா? கண்ணாடியில் பார்ப்பார், சாலை காலி. புதருக்குள் உருண்டு கிடந்தால் கண்ணாடியில் தெரியாதே என்று மனசு அடுத்த கேள்வியைப் போடும். திரும்பிப் போய், இறங்கி, குனிந்து பார்ப்பார். ஒன்றும் இருக்காது. அப்பாடா என்று ஏறி வண்டியைத் திருப்புவார். திருப்பும்போது யாரையாவது இடித்திருந்தால்?

மூன்று வருஷத்தில் இது கொடிபோலப் படர்ந்துவிட்டது. கடைசி நான்கு மாதமாக அவர் மனைவியும் வேனில் ஏறிக்கொண்டாள். வீட்டில் ஜாக்கெட் தைப்பவள். துணிகளை மூட்டையாகக் கட்டிவைத்துவிட்டு இடப்பக்க இருக்கையில் வந்து உட்கார்ந்தாள். அவர் “யாரும் இல்லையே?” என்பார், அவள் “இல்லைங்க” என்பாள். முதலில் ஒரு ‘இல்லை’ போதுமாக இருந்தது. பிறகு மூன்று வேண்டியிருந்தது, பிறகு சத்தியம். கடைசியில் அவளே இறங்கிப் பார்த்துவிட்டு வந்தாலும், “நீ சரியாப் பார்த்தியா, இல்ல போனைப் பார்த்துட்டு நின்னியா?” என்று கேட்டார். அன்பென்று நினைத்து அவள் போட்டதெல்லாம் நோய்க்குத் தீனி. இந்த நோயுள்ள வீடுகளில் பெரும்பாலும் நடக்கிற தப்புதான் இது.

மேற்பார்வையாளர் நல்ல மனிதர். ஆனாலும் ஒருநாள் சொல்லிவிட்டார்.

“அண்ணே, கடைசி ஸ்கூல்ல பிள்ளைங்க சாப்பாட்டுக்குக் காத்திருந்து தட்டைத் தட்டித் தட்டி பாட்டே கட்டிட்டாங்க. மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் ரூட்டை வேற ஆளுக்குக் கொடுத்துட்டு உங்களைக் காய் வெட்டப் போட்டுடுவேன். கோவிச்சுக்காதீங்க.”

அவருக்கு ஸ்டியரிங்கைத் தவிர வேறெதுவும் பிடிக்கத் தெரியாது. வீட்டில் வெங்காயம் உரித்தாலே விரலை வெட்டிக்கொள்கிறவர்.

மனைவி அவரை மனநல மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். மருத்துவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இதற்கு ஓ.சி.டி. என்று பெயர், நிறையப் பேருக்கு இருக்கிறது என்றார். தான் பைத்தியமா, கொலைகாரனா என்று இரண்டுக்கும் நடுவே திணறிக்கொண்டிருந்தவருக்கு மூன்றாவதாக ஒரு பெயர் கிடைத்தது. மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும் என்று சொல்லி, அடுத்த அறையிலிருந்த ஆலோசகரிடம் அனுப்பினார். அந்தப் பெண் அறிவுரை எதுவும் சொல்லவில்லை, கேள்விதான் கேட்டாள்.

“திரும்பிப் போகலைன்னா என்ன ஆகும் சார்?”

“பயம் ஏறும் மேடம்.”

“எதுவரைக்கும்?”

“எதுவரைக்கும்னா… ஏறிட்டேதான் போகும்.”

“போய்ப் பார்த்திருக்கீங்களா?”

அவர் எந்த மேட்டில் எஞ்சின் சூடு எவ்வளவு ஏறும், எங்கே இறங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர். இந்தச் சூட்டின் உச்சியை மட்டும் அவர் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு தடவையும் பாதி மேட்டிலேயே வண்டியைத் திருப்பிவிட்டிருக்கிறார். அப்படியானால் அது அடங்குமா? அடங்கினால் எங்கே? பயந்துகொண்டேதான் யோசித்தார், ஆனால் உள்ளுக்குள் லேசாக ஒரு குறுகுறுப்பு.

“ஓட்டுறவங்க எல்லாரும் பார்க்கற அளவுக்குக் கண்ணாடியைப் பாருங்க. திரும்பிப் போக வேண்டாம். பயம் பத்துக்கு எத்தனைன்னு மட்டும் ஒரு நோட்டுல குறிச்சுக்கோங்க. சாப்பாடு இறக்கிட்டுக் காலியா வர்ற ட்ரிப்ல ஆரம்பிங்க. அம்மா, அவர் கேட்டா நீங்க பதில் சொல்லாதீங்க.”

“வாயைத் தச்சுக்கவா?” என்றாள் தையல்காரி.

“தெரியலைன்னு சொல்லுங்க.”

மறுநாள் திரும்பி வரும்போது, முதல் பள்ளத்திலேயே பாத்திரங்கள் அதிர்ந்தன. காலிப் பாத்திரம் சத்தத்தில் நிறைபாத்திரத்துக்கு அண்ணன். அவர் தூரம் காட்டும் மீட்டரைச் சைபருக்குத் திருப்பினார். பயம் பத்துக்கு எட்டு. சட்டை முதுகில் ஒட்டியது.

“யாரும் இல்லையே?”

“தெரியலைங்க.”

“கல்யாணமாகிப் பத்தொம்பது வருஷம். உன் வாயில இந்த வார்த்தையை நான் கேட்டதே இல்ல.”

“இன்னிக்குத்தான் அந்த யோகம். ரோட்டைப் பாருங்க.”

அவர் அவளைத் திட்டினார், மருத்துவரைத் திட்டினார், சாலை போட்டவனைத் திட்டினார். அவள் கை கதவின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டிருந்தது. இறங்கிப் பார்த்துவிட அவளுக்கும்தான் அரித்தது.

சமையற்கூடத்தின் வாசலில், வழியை மறித்து நின்ற லாரிக்காரனோடு சண்டை பிடிக்கும்போது கவனித்தார்: பயம் மூன்றில் இருந்தது. மீட்டர் பதினாலு கிலோமீட்டர் காட்டியது. எங்கே இறங்கியது? தூங்கிப்போய் ஸ்டேஷனைத் தவறவிட்டவர்போல அவருக்கு எரிச்சலாக வந்தது. நாளைக்குக் கண் கொட்டாமல் பார்க்க வேண்டும்.

அடுத்த நாள் பயம் மூன்றுக்கு இறங்கப் பதினேழு கிலோமீட்டர் ஆனது. மனம் விட்டுப்போனது. மூன்றாம் நாள் பதினொன்று. நான்காம் நாள் தாங்க முடியாமல் திரும்பியே விட்டார். நோட்டில் அதையும் மறைக்காமல் ‘திரும்பினேன்’ என்று எழுதினார். ஒன்பது, பன்னிரண்டு, ஏழு. இரண்டாவது வாரம் சாப்பாடு ஏற்றிய வண்டியிலும் ஆரம்பித்தார். மூன்றாவது வாரம் மனைவி துணிமூட்டையை அவிழ்த்துத் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். அவர் நிறுத்தத்திலிருந்து போன் செய்தால், “தெரியலை” என்று சொல்லி வைத்துவிடுவாள். அளவு கொடுக்க வந்தவர்கள், “என்னக்கா, எதைக் கேட்டாலும் தெரியலைங்கறே?” என்று சிரித்தார்கள்.

மாதக் கடைசி நாள். ஐந்தாவது பள்ளியைத் தாண்டியதும் வண்டி தூக்கிப் போட்டது. பழகிய பள்ளம் அல்ல. கனமான எதன்மேலோ ஏறிய மாதிரி. கண்ணாடியைப் பார்த்தார். பின்னால் ஒட்டி வந்த பேருந்து சாலை முழுவதையும் மறைத்திருந்தது. பேருந்து நிற்கவில்லை, யாரும் கத்தவில்லை. ஆனால் மனசு கத்தியது, பத்துக்குப் பத்து. திருப்புவதற்குத் தோதாக இடப்பக்கம் ஒரு பெட்ரோல் பங்க்கும் வந்தது.

போய்ப் பார்த்தால் பத்து நிமிஷம். கடைசி மூன்று பள்ளிகளுக்கும் சாப்பாட்டு மணி அடித்துவிடும். போகாவிட்டால்? அது கல்லா, மூட்டையா, ஆளா என்று எப்போதுமே தெரியாமல் போகும். பங்க் நெருங்கியது. தெரியாமல் போகட்டும் என்று வாய்விட்டே சொன்னார். பங்க் பின்னால் போனது.

ஆறாவது பள்ளி, ஏழாவது, எட்டாவது. பயம் ஒரு புள்ளி குறையவில்லை. இருந்தாலும் கை தன்பாட்டுக்குப் பாத்திரங்களை இறக்கியது. கடைசிப் பள்ளியில் மணி அடிக்க நான்கு நிமிஷம் இருந்தது. பரிமாறுகிற ஆயா மூடியைத் திறந்து, ஆவி முகத்தில் அடிக்க, பின்வாங்கினாள்.

வண்டியை விட்டுவிட்டுப் போகும்போது மேற்பார்வையாளர் கூப்பிட்டார்.

“அண்ணே, அந்தக் கடைசி ஸ்கூல்ல இருந்து இன்னிக்கும் புகார்.”

அவர் வாசலிலிருந்து திரும்பி வந்தார். “என்னவாம்?”

“சாப்பாடு சூடா இருக்காம். ரெண்டு பிள்ளைங்க நாக்கைச் சுட்டுக்கிச்சாம். இந்தாங்க, அடுத்த மாசத்து ரூட் சீட்டு. கையெழுத்துப் போடுங்க.”