பிறை பார்க்காமல் போன பெருநாள் லீவு

என் கணவருக்கு அரபு நாட்டில், ருவைஸ் எண்ணெய் ரிஃபைனரியில் ஷிஃப்ட் டூட்டி. அவர் வீடு திரும்பும்போது மகள் பள்ளியில் இருப்பாள். அவள் திரும்பும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். ஏழு வயதுக் குழந்தைக்கு அப்பா என்றால் மூடிய கதவும், சத்தம் போடாதே என்ற என் அதட்டலும்தான். அவர் ஆசையாய்த் தூக்கினால் நெளிந்து இறங்கி என்னிடம் ஓடி வந்துவிடுவாள். அவர் மறுபடி போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

பெருநாளுக்கு அவர் லீவு எடுத்ததே இல்லை. கூட வேலை பார்க்கும் பாய்மாருக்காக அன்று அவர் டூட்டி பார்ப்பார். தீபாவளிக்கு அவருக்காக அவர்கள் பார்ப்பார்கள். இந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அவர்களே பேசிவைத்து, குடும்பத்தோடு எங்காவது போய் வா என்று துரத்திவிட்டார்கள். மனுஷன் அன்றைக்கே மலேசியாவின் கோலா சிலாங்கூருக்கு ஏற்பாடு செய்துவிட்டார். ஆற்றோர மரமெல்லாம் மின்மினி மின்னுமாம். கடலுக்குள் ஒரு மணல்திட்டு வானத்தைக் கண்ணாடியாய்க் காட்டுமாம். இதையெல்லாம் மகளுக்குத் தன் கையால் காட்ட வேண்டும், அதோடு அவள் தன்னிடம் ஒட்டிக்கொள்வாள் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

போய் இறங்கினால், படகுத்துறையில் டிக்கெட் கொடுத்த தமிழர் எங்களைப் பாவமாகப் பார்த்தார். நிலா வெளிச்சத்தில் மின்மினி மங்கலாகத்தான் தெரியுமாம். மணல்திட்டோ அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் தலைகாட்டுமாம். ஹஜ்ஜுப் பெருநாளோ பிறை பத்தில், இரண்டுக்கும் நடுவில். பிறை பார்த்து லீவு விடுகிற நாட்டிலிருந்து பிறையைப் பார்க்காமல் கிளம்பி வந்த அதிபுத்திசாலிகள் நாங்கள்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணவர் முகம் சுண்டிப்போனது.

இருந்தும் அன்று இருட்டியதும் படகில் போனோம். அங்கொன்றும் இங்கொன்றுமாய் ஏதோ மினுக்கியது. நம்ம ஊர் ஃபிளேர் இதைவிட பிரைட் என்றாள் மகள். ரிஃபைனரிக் குழாயின் உச்சியில் எப்போதும் எரிகிற தீயைச் சொல்கிறாள். அவர் படகின் மறுபக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் காலை, வந்ததற்கு இதையாவது பார்ப்போம் என்று கலங்கரை விளக்கம் இருக்கிற குன்றுக்கு ஏறினோம். அங்கே ஏகப்பட்ட சாம்பல் நிறக் குரங்குகள். கடிக்காது, தலைமேல் ஏறி உட்கார்ந்து தின்னும் என்று சொல்லிப் பயத்தங்காய் விற்றார்கள். மகள் என் துப்பட்டாவுக்குள் ஒளிந்துகொண்டாள். அவர் ஒரு கட்டு வாங்கியதுதான் தாமதம், ஒரு தாய்க்குரங்கு வயிற்றில் தொற்றிய குட்டியோடு அவர் தோளில் தாவி ஏறியது. குட்டி மட்டும் தங்க நிறம். மேனேஜர் முன்னால் நிற்பது போல அவர் மூச்சுவிடாமல் நின்றார்.

துப்பட்டா விலகியது. மகள் அவர் எதிரே போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னாள்:

"அப்பா, அத எறக்கி விடு. நெக்ஸ்ட் நான் ஏறணும்."

அவர் கையிலிருந்த பயத்தங்காய் அத்தனையையும் தரையில் கொட்டினார்.